படத்தின் வலது ஓரத்தில் ஒரு கை

இதில் எதையும் நான் நேரில் கண்டதில்லை. ஆரூரனின் தங்கை நிலானி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளும் நானும் சிட்னியில் ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரே ஆண்டில் படித்து முடித்தவர்கள். இரண்டு வீட்டிலும் பட்டம் வாங்கிய முதல் ஆட்கள் நாங்கள்தான். அவளுக்கு அவன் சொன்னது, பாத்திரம் கழுவிக்கொண்டு, முகத்தைக் காட்டாமல், மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக. அவள் எனக்குச் சொன்னது அதற்கும் சில மாதம் கழித்து. ரயிலில் ஒருவன் தனியே இருந்து நினைத்ததை இரண்டு கை மாறி வாங்கி எழுதுகிறேன். எங்கெங்கே நான் நிரப்பியிருக்கிறேன் என்பது எனக்கே இப்போது சரியாகத் தெரியவில்லை. எழுதட்டுமா என்று கேட்டபோது நிலானி சொன்னாள்: "எழுது. ஆனா அவனை நல்லவனாக்கிப் போடாத."

ஒன்பது பன்னிரண்டுக்குப் பெண்டில் ஹில்லில் ஏறியவன் படி இறங்கிக் கீழ்த்தட்டில் போய் இருந்தான். கீழ்த்தட்டில் இருந்தால் நடைமேடை கண்மட்டத்தில் வரும், ஆட்கள் தெரியமாட்டார்கள், கால்கள்தான் தெரியும், அது அவனுக்குப் பிடிக்கும். வேலைச் சப்பாத்து, பள்ளிக்கூடச் சப்பாத்து, ஒரு சேலைக்கரை, அதன் கீழே ஓடுவதற்குப் போடும் சப்பாத்து. கதவு மூடியது. இனி வேண்டாமென்றால் வென்ட்வர்த்வில்லில் இறங்கலாம், அங்கிருந்து பஸ் எடுத்தால் பத்தரைக்குள் கிடங்குக்குப் போய்விடலாம், பல் வைத்தியம் என்றுதானே லீவு கேட்டது, பல் சுகம் வந்துவிட்டது என்று சொன்னால் யார் வாயைத் திறந்து பார்க்கப்போகிறார்கள். அம்மாவிடம் பல்லும் சொல்லவில்லை. "வேலைக்குத்தானே போறாய்?" "ஓம் அம்மா." "வேலைச் சப்பாத்து போடேல்லை?" "அங்க வச்சிட்டன்." அம்மா அவன் காலைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள், வலது மணிக்கட்டில் ஒன்றும் இல்லை, நூல் கிடந்த இடத்தில் ஒரு வெளிறிய வளையம் மட்டும். நூல் சட்டைப்பைக்குள் இருந்தது. அது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருக்கலாம். பதினொரு மணிக்கு விசாரணை. நகரத்தில், உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் கந்தோரில், எட்டாம் மாடி. விசாரணை கிடங்கில் கூட வேலை செய்கிற மாரினுக்கு, இவனுக்கு அல்ல, இவனை யாரும் கூப்பிடவில்லை, இவன் என்று ஒருவன் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. போகாமல் விட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க உலகத்தில் ஒருவரும் இல்லை, மாரின்கூடக் கேட்கமாட்டான், நேற்றும் போனில் அவன்தான் சொன்னான், "நீ வராதே மச்சான்." மச்சான் என்ற சொல்லை அவனுக்குப் பழக்கியது ஆரூரன். பிராத்தே என்பதை ஆரூரனுக்குப் பழக்கியது அவன். அவர்களுடைய குரோவேஷியப் பாஷையில் சகோதரா. வென்ட்வர்த்வில் வந்தது. கால்கள் ஏறின, கால்கள் இறங்கின. அவன் எழும்பவில்லை, ஆனால் எழும்புவதற்காகப் பையை மடியில் எடுத்து வைத்தான், ரயில் நகர்ந்த பிறகும் பை மடியிலேயே இருந்தது.

பேப்பரில் வந்த படம் என்ன சொல்கிறது, நடந்தது என்ன. இதை அவன் நெஞ்சுக்குள் நூறு தரம் சொல்லிப் பார்த்துவிட்டான், எட்டாம் மாடியில் சொல்வது போல, நின்றுகொண்டு, இங்கிலீஷில், இரண்டாவது வசனத்திலேயே நிறுத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, கிண்ணப் போட்டியின் அரையிறுதி, மத்தியானம் மூன்று மணி வெயில். இவர்களுடைய கிளப் கலேப், கடற்பறவை என்று அர்த்தம், குரோவேஷியாவிலிருந்து வந்தவர்கள் அறுபது வருடத்துக்கு முன் தொடங்கியது. ஒருகாலத்தில் கிளப்பின் பெயரிலேயே நாட்டின் பெயரும் இருந்தது, பிறகு அப்படி நாட்டுப் பெயர் வைக்கக்கூடாது என்று எடுக்கச் சொல்லிவிட்டார்கள், எடுத்தார்கள், ஆனால் பெயர்ப்பலகையில் பழைய எழுத்தின் ஆணித் துளைகள் இன்னும் இருக்கின்றன. எதிரணி, தொண்ணூறுகளில் இவர்களோடு போர் செய்த பக்கத்து நாட்டுக்காரர்களுடையது. இரண்டு பக்கமும் கத்தினார்கள், கார் நிறுத்தும் இடத்தில் கதிரை பறந்தது, அதெல்லாம் உண்மை. பார்வையாளர் படிகளில் யாரோ ஒரு ஃபிளேரை எறிந்தார்கள், கையில் பிடித்தால் சிவப்பு நெருப்பும் புகையும் கக்கும் குழாய், அது வந்து விழுந்தது கடைசிப் படியில், ஒன்பது வயதுக்கு உட்பட்ட அணிப் பிள்ளைகள் வரிசையாக இருந்த இடத்தில். மாரின் பயிற்சி கொடுக்கிற பிள்ளைகள். ஆரூரன்தான் முதலில் பாய்ந்து எடுத்தான். எடுத்தவனுக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, கையை நீட்டியபடி நின்றுவிட்டான், மாரின் வந்து பறித்தான், "தள்ளுங்கடா, தள்ளுங்கடா" என்று கத்திக்கொண்டு தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி போய் மாடிப்படிக்குக் கீழே இருந்த மணல் வாளிக்குள் குத்தினான். எல்லாம் சேர்த்து ஒன்பது பத்து வினாடி இருக்கும். படம் அதில் ஒரு வினாடி. மாரினின் திறந்த வாய், உயரத்தில் நெருப்பு, சுற்றிலும் புகை, மேலே கறுப்பு எழுத்தில் தலைப்பு, பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்த பகை. வலது ஓரத்தில் ஒரு கை, மணிக்கட்டுக்குச் சற்று மேலே படம் முடிந்துவிடுகிறது. ஐந்து வருடத் தடை கேட்கிறார்கள். ஐந்து வருடம் என்றால் மைதானத்தின் வாசலுக்கே போகக்கூடாது, பிள்ளைகளுக்குப் பயிற்சியும் கொடுக்கக்கூடாது. மாரின் எழுதிக் கொடுத்த கடிதத்தில், ஒரு நண்பன் என்னிடம் நீட்டினான், அவன் பெயரைச் சொல்லமாட்டேன் என்று இருக்கிறது. பெயர் சொல்லாத நண்பனை எந்தச் சம்மேளனம் நம்பும்.

அந்தக் கை யாருடையது என்று கண்டுபிடித்த ஒரே ஆள் அம்மா. அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, படம் பார்க்க வரும். நிலானியின் போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கினாள், மாரினின் முகத்தை ஒதுக்கினாள், புகையை ஒதுக்கினாள், ஓரத்துக்குப் போய் நின்றாள். மணிக்கட்டில் நூல். கேதார கௌரி விரதக் காப்பு, இருபத்தொரு இழை, இருபத்தொரு முடிச்சு, ஆண்பிள்ளைக்கு வலது கையில், அவளே கட்டியது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சோற்றைப் பார்க்கப் போனாள். அடுத்த நாள் காலை, அவன் பல் துலக்கிக்கொண்டு நிற்க, தையல் கத்தரிக்கோலோடு வந்தாள். "கையைக் காட்டு." "ஏனம்மா? தீபாவளிக்கு இன்னும் நாலு மாசம் கிடக்கு." "காட்டு எண்டு சொன்னனெல்லே." மரக்கறிச் சட்டிக்குள் மீன் கரண்டி பட்டால் சட்டியையே தூக்கி வெளியே வைக்கிற அம்மா, இருபத்தொரு நாளும் பச்சைத்தண்ணீரில் முழுகுகிற அம்மா, இந்த நாட்டுக் குளிரிலும். கத்தரிக்கோல் தோலில் பட்டபோது அது குளிர்ந்தது, பற்பசையின் நுரை வாய்க்குள் இருந்தது, கையை நீட்டியபடியே நின்றான். வெட்டிய நூலைக் குப்பைக்குள் போட அவளுக்கு மனம் வரவில்லை, சாமித்தட்டில் வைக்கவும் மனம் வரவில்லை, கடைசியில் குளியலறை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள், ஷாம்பு போத்தலுக்குப் பக்கத்தில். அதை அங்கிருந்து அவன் எடுத்தான். களவெடுத்தது போலத்தான் எடுத்தான்.

எதிலையும் பேர் குடுக்காத ராசா. இது அம்மாவின் பாட்டு, பதினான்கு வருடப் பாட்டு. கோயில் உபயக்காரர் பட்டியலில் பெயர் இல்லை, ஊர்ச் சங்கத்தில் இல்லை, நூலகத்தில்கூட நிலானி எடுத்த அட்டைதான் மூன்று பேருக்கும். அதனால்தான் நாலு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் நின்று டிக்கெட் வாங்கினான், கலேப்பின் அங்கத்தவர் படிவம் பையின் உள்அறையில் நாலு வருடமாக மடித்தபடி கிடந்தது, மடிப்பில் எழுத்து அழிந்துவிட்டது. மாரின் கேட்பான், "இன்னுமா நிரப்பவில்லை? மச்சான், பெயரும் விலாசமும்தான், கிட்னியா கேட்கிறார்கள்?" சிரிப்பான். ஆரூரனும் சிரிப்பான். எப்படிச் சொல்வது. ஊரில் சண்டை முடிந்த நாள், வட்டுவாகல் பாலம் தாண்டி, அந்த வெளியில், அந்த வெயிலில், ஒலிபெருக்கியில் ஆமிக்காரனின் உடைந்த தமிழ். ஒரு நாள் என்றாலும் இயக்கத்தோடு இருந்தவர்கள் வந்து பதியுங்கள், பதிந்தால் விட்டுவிடுவோம். ஒரு நாள் என்றாலும். அப்பா தபால்கந்தோரில் வேலை செய்தவர், முத்திரை குத்துகிறவர், பதினாறு நாள் இயக்கக்காரர் பிடித்துக்கொண்டுபோய் பங்கர் வெட்ட விட்டார்கள், அவ்வளவுதான். அம்மா அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டாள், "நீங்கள் என்ன சண்டையே பிடிச்சனியள்? மண்ணல்லோ வெட்டினது. பேசாம இருங்கோ." "கேக்கினமெல்லே. பொய் சொல்லக்கூடாது. பதிஞ்சிட்டு வாறன்." ஆரூரனுக்குப் பதினொரு வயது, உயரம் காணாது, முன்னால் முழுக்கத் தலைகள், அந்தத் தலைகளுக்கு மேலே அப்பாவின் வலது கை மட்டும் எழும்பியது தெரிந்தது. பிறகு பஸ். பஸ்ஸின் பின்பக்கத்துப் புழுதி. பரமட்டா வந்தது. பரமட்டாவில் நிறையப் பேர் இறங்குவார்கள், அவர்களோடு சேர்ந்து இறங்கினால் யாருக்கும் தெரியாது. பளபளத்த சப்பாத்துகள், ஒரு கைத்தடியின் ரப்பர் நுனி. விசா விண்ணப்பத்தில் மூன்று பேரின் பெயரும் ஒன்றாக இருக்கிறது, சிவகடாட்சம் குடும்பம், நிரந்தர விசா, பதினொரு வருடம் காத்திருந்து போடக் கிடைத்த விண்ணப்பம், நடத்தை பற்றிய கேள்விகள் ஒரு முழுப் பக்கம். நிலானி கும்பிடாத குறையாகச் சொன்னாள். "அண்ணா, நீ போய் அந்த நெருப்பைப் பிடிச்சது நான்தான் எண்டு சொன்னா, அது உன்ரை பேரோட மட்டும் நிக்காது. எங்கட மூண்டு பேரின்ரை பேரும் ஒரு பைலுக்கைதான் கிடக்கு." அவள் சொன்னது சரி. அவள் எப்போதும் சரியாகத்தான் சொல்வாள். அவள் சரியாகச் சொல்லும்போதெல்லாம் இவன் பாத்திரம் கழுவத் தொடங்குவான்.

ஆனால் அந்தப் படிகள். அதை யாருக்கு விளங்கவைப்பது. முதல் தரம் மாரின் கூட்டிக்கொண்டு போன ஞாயிறு, இருவரும் கிடங்கில் சுவர்ப்பலகை ஏற்றுகிறவர்கள், பலகையின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு ஒருவன் முன்னுக்கும் ஒருவன் பின்னுக்குமாக நடக்கும்போது மாரின் கேட்டான், ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வாய்? ஒன்றும் செய்யமாட்டேன். அப்போ வா. முந்நூறு பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள், வெறும் கை, பந்து வலைக்குள் போனதற்காக, அவனுடைய கையும் தூங்கி எழும்பியது போலத் தானாக எழும்பியது. எழும்பிய கையை ஒருவரும் எண்ணவில்லை. அதுதான். கை எழும்பியது, யாரும் பதியவில்லை, பஸ் வரவில்லை. புகைகூட வந்தது, முதல் தரம் புகை மணத்தில் ஓடப் பார்த்தான், ஆனால் இந்தப் புகைக்குள் பாட்டு இருந்தது, புகை கலைந்தால் அதே முகங்கள் அதே இடத்தில் நின்றன, யாரும் குறையவில்லை. மாரினின் தாய் ஆன்கா கிளப்பின் கன்ரீனில் இறைச்சி சுடுகிறவள், எல்லாருக்கும் அவள் தேத்தா ஆன்கா, தேத்தா என்றால் மாமி. பாணுக்குள் சுட்ட இறைச்சியை வைத்து நீட்டினாள். மாடு சாப்பிடமாட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, கையில் பிடித்துக்கொண்டே நின்றான். அடுத்த ஞாயிறு அவள் கேட்காமலே வேறொரு பொட்டலம், முட்டையும் சுட்ட சிவப்பு மிளகாயும், வெள்ளித்தாளில் சுற்றி, பென்சிலால் ஆரோ என்று எழுதியிருந்தது. "இவனுக்கு மாடு இல்லை," என்று அடுப்பில் நின்ற மற்றவளிடம் சத்தம் போட்டாள், "யாராவது மாறிக் கொடுத்தீர்களோ, கையை முறிப்பேன்." ஒருநாள் வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டாள், உன் தகப்பன் எங்கே? இவன் வழக்கமாகச் சொல்கிற பொய்யைத் தேடினான், மாரடைப்பு, அது வாய்க்கு வரவில்லை. கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை என்றான். கத்தி நிற்கவில்லை. "என் அண்ணனையும்," என்றாள். "தொண்ணூற்றொன்றில். ஆஸ்பத்திரியிலிருந்து. பஸ்ஸில்." பிறகு வெங்காயத்தை அள்ளி அவனுடைய பாணுக்குள் இன்னும் கொஞ்சம் போட்டாள், தேவைக்கு அதிகமாகவே போட்டாள். அவ்வளவுதான் கதைத்தது. சிட்னியில் பதினொரு வருடத்தில் ஒரு தமிழ் வீட்டிலும் அந்தக் கேள்விக்கு அவன் உண்மை சொன்னதில்லை.

பாட்டு. பாட்டைப் பற்றி நினைக்கக்கூடாது என்றுதான் ஹாரிஸ் பார்க்கில் இருந்தே ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான், ஆனால் பை மடியில் இருந்தது, பைக்குள் தாள் இருந்தது. கலேப்பின் பாட்டுகள், முதல் வருடமே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டது, ஏழு பாட்டு, நீல மையில், படிகளில் பின்வரிசைக் கிழவர் ஸ்லாவ்கோ ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல. கிழவருக்கு அது பெரிய வேடிக்கை. "பாருங்கள், நம் பாட்டு ஊஞ்சலாடுகிற எழுத்தில் இருக்கிறது! என் பேரனுக்கு இரண்டு வரி தெரியாது, இவன் ஏழும் பாடுகிறான்!" இவன் ஏழும் பாடினான், தொண்டை கிழியப் பாடினான், அர்த்தம் கேட்கவில்லை, கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடும், எல்லாரும் பாடும்போது தானும் பாடுவதுதானே அர்த்தம். நாலாவது பாட்டுக்கு மேளம் கூடுதல். நாலாவது பாட்டு அவனுக்கு மிகவும் பிடிக்கும். நாலாவது பாட்டு தொடங்கும்போதெல்லாம் மாரின், "பசிக்கிறது, உனக்கும் வாங்கி வரட்டா?" என்று எழும்பிப் போய்விடுவான். என்ன பசி இவனுக்கு என்று ஆரூரன் நினைத்ததுண்டு, நாலு வருடமாக. பேப்பரில் அந்தப் பாட்டின் இரண்டு வரியை இங்கிலீஷில் போட்டிருந்தார்கள். போரில் மற்றப் பக்கத்தார் செத்த கிராமங்களின் பெயரைச் சொல்லி, ஆற்றில் மிதந்தவர்களைச் சொல்லி, இன்னும் மிதக்கட்டும் என்று. முதலில் பேப்பர்க்காரர் பொய் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தான், படத்தில் பொய் சொன்னவர்கள் பாட்டில் சொல்லமாட்டார்களா. பிறகு தாளை எடுத்து விரலை வைத்து, ஊர்ப் பெயர் போல இருந்த சொற்களைப் போனில் ஒவ்வொன்றாகத் தேடினான். ஊர்கள்தான். ஆறும் ஆறுதான். அரையிறுதியில் முன்வரிசையில் மூன்று பேர் கையை அந்தக் கேடுகெட்ட நாஜி விதமாக நீட்டிக்கொண்டு நின்றபோது பாடியது அந்தப் பாட்டு, அப்போது இவனும் பாடினான், மேளத்துக்குத் துள்ளிக்கொண்டு பாடினான். ஆற்றில் மிதந்தவர்கள். நந்திக்கடலில் மிதந்தவர்களைப் பார்த்த கண் இது. மாரினிடம் கேட்டான், கிடங்கில், பலகையின் மற்ற முனையிலிருந்து. "நாலாவது பாட்டுக்கு அர்த்தம் உனக்குத் தெரியுமா?" பலகை நின்றது. "தெரியும்." "அதுக்குத்தான் பசிக்குமா?" மாரின் முதுகைத் திருப்பாமல் சொன்னான், "அது கிழவன்களின் பாட்டு. நிறுத்தச் சொல்லி இரண்டு தரம் சொன்னேன், அடிக்க வந்தார்கள்." "எனக்கு ஏன் சொல்லவில்லை?" மாரின் தன் முனையைக் கீழே இறக்கினான். "நீ அவ்வளவு சந்தோஷமாகப் பாடினாய், மச்சான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?"

கிரான்வில். லிட்கம். இனி ரயில் வேகமெடுக்கும், இறங்குகிற இடங்கள் குறைந்துகொண்டு போகின்றன, அது ஒருவகையில் நிம்மதி. எட்டாம் மாடியில் அவர்கள் கையை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தப்போவதில்லை. நீ யார், அங்கே என்ன செய்தாய், எந்தப் படியில் நின்றாய், பாடினாயா. பாடவில்லை என்று சொல்லலாம். யார் நம்பமாட்டார்கள்? இந்தத் தோலோடு அந்தப் பாட்டைப் பாடியிருப்பான் என்று எவனுக்குச் சந்தேகம் வரும்? அதுதானே அந்தப் பேப்பர்க்காரப் பெண்ணுக்கும் வரவில்லை. ஆட்டம் முடிந்து வாசலில் பொலிஸ் நின்றது, பொலிசைக் கண்டதும் கழுத்தில் கிடந்த கலேப் ஸ்கார்ஃபைக் கழற்றிப் பைக்குள் திணித்தது இந்தக் கைதான், அந்த நேரம் பார்த்து அவள் வந்தாள், இவன் வயதுதான் இருக்கும், மரியாதையான பிள்ளை, குறிப்புப் புத்தகம், மன்னியுங்கள், நீங்கள் இவர்களில் ஒருவர் இல்லைதானே? இல்லை, என்றான். சும்மா பார்க்க வந்தேன். பயமாக இருந்ததா? இருந்தது. உங்கள் பெயர்? பெயர் வேண்டாம். அடுத்த நாள் வந்தது, குடும்பங்களோடு வந்த சாதாரணப் பார்வையாளர்களும் நடுங்கிப்போனார்கள், இந்தியப் பின்னணி கொண்ட ஒருவர், பயமாக இருந்தது என்றார். இந்தியனும் இல்லை, சாதாரணப் பார்வையாளனும் இல்லை, ஆனால் வாய் இவனுடையது. கையை வெட்டிவிட்டார்கள், வாயை வைத்துக்கொண்டார்கள். நல்ல குடியேறி ஒருவனை எடுத்துக் கெட்ட குடியேறிகளின் தலையில் குத்தினார்கள், குத்துவதற்குத் தன்னைக் கொடுத்தவன் இவன். தேத்தா ஆன்கா அந்தப் பேப்பரைக் கன்ரீன் சுவரில் ஒட்டி வைத்திருந்தாளாம், மாரின் சொன்னான், அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால், இந்த இந்தியன் நாசமாய்ப் போக, என்று எழுதியிருந்தாளாம். மாரின் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அது யாரென்று அவனுக்குத் தெரியாது. இதுவரை தெரியாது. ஆரோ என்று எழுதிய அதே பென்சில்.

அந்தப் பட்டியலுக்காக ஏங்குகிறான் என்றால் யாருக்காவது விளங்குமா. சம்மேளனம் கிளப்புக்கு அனுப்பிய கடிதத்தில் பத்துப் பெயர் இருந்தது, மாரினைச் சேர்த்தால் பதினொன்று, எல்லாம் ஒரே மாதிரி முடிகிற பெயர்கள், மாரின் போனில் வாசித்துக் காட்டியபோது இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான், பயத்தில் என்றுதான் முதலில் நினைத்தான். வாசித்து முடிந்தது. தன் பெயர் இல்லை. வந்தது நிம்மதி என்றுதான் நினைத்தான், ஆனால் அதற்கு அடியில் ஏதோ விழுந்தது, பள்ளிக்கூட அணிக்குப் பெயர் வாசிக்கும்போது கடைசி வரை நின்று பார்த்த பிள்ளைக்கு விழுவது போல. திட்டுவதற்குக்கூட அவனை அவர்களோடு சேர்த்துத் திட்டவில்லை. அம்மாவுக்கு இதைச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வாள். பெயர் இல்லாமல் இருப்பதற்காகவே கடல் கடந்து வந்தவள், பெயர் இல்லை என்று அழுகிற பிள்ளையை எங்கே வைப்பாள். அப்பாவுக்குச் சொல்லலாம். அப்பா கோபப்படமாட்டார், கேட்பார், முத்திரைக் கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். அம்மா பதினான்கு வருடமாக அந்தக் கையைத்தான் திட்டுகிறாள், தூக்காமல் இருந்திருக்கலாமே, ஆயிரம் பேருக்குள் யார் கண்டது. ஆரூரனும் திட்டியிருக்கிறான், படகில், முகாமில், கிடங்கில், அந்தக் கை எழும்பாமல் இருந்திருந்தால். ஸ்ட்ராத்ஃபீல்டுக்கும் ரெட்ஃபெர்னுக்கும் இடையில் எங்கோதான், இது எனக்கு நிச்சயம், நிலானி இரண்டு தரம் சொன்னாள், முதல் தரமாக அவன் அந்தக் கையைத் திட்டாமல் நினைத்துப் பார்த்தான். அது பிழையான இடத்தில் எழும்பிய கை. பொய்யான ஆட்களுக்கு எழும்பிய கை. ஆனால் கேட்டார்கள், இருந்தேன் என்றது. அதில் பிழை எங்கே இருக்கிறது, கையிலா, கேட்டவனிலா. அதைப் பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவு ஆசையாக இருந்தது, அந்தத் தலைகளுக்கு மேலே, ஒரே ஒரு தரம், விரல்கள் விரிந்திருந்ததா மூடியிருந்ததா என்றுகூட ஞாபகம் இல்லை.

சட்டைப்பையிலிருந்து நூலை எடுத்தான். மணிக்கட்டில் சுற்றினான், இடது கையால் முடிச்சுப் போட வரவில்லை, ஒரு முனையைப் பல்லால் கடித்தான், வழுக்கியது, மஞ்சளும் சவர்க்காரமும் கலந்த ருசி. எதிர் இருக்கையில் மஞ்சள் அங்கி போட்ட கட்டட வேலைக்காரர் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், மூன்று தரம் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். "இங்கே கொண்டு வா. உன் பல்லை வைத்து நடக்காது." தடித்த விரல்கள், சுண்ணாம்பு காய்ந்திருந்தது. "அதிர்ஷ்டத்துக்கா?" "இல்லை. அம்மா கட்டியது." "அறுந்துவிட்டதா?" "அம்மாதான் வெட்டினார்." அவர் நிமிர்ந்து பார்த்தார், பிறகு அது தன் வேலை இல்லை என்பது போலக் குனிந்து இறுக்கினார். "சாரக்கட்டுக் கட்டுகிற முடிச்சு. இனி இதை உன் அம்மாவாலும் அவிழ்க்க முடியாது." வெட்டியதில் நூல் குட்டையாகிவிட்டது, தோலைக் கடித்தது. இருபத்தொன்றோடு இப்போது இருபத்திரண்டு. விரதக்காரருக்கு இது காப்பே இல்லை, வெறும் நூல். படத்தில் இருக்கிற கை இதுதான் என்று காட்ட இது போதும்.

சென்ட்ரலில் இறங்கி மேலே ஏறி வெளியே வந்து, அந்தக் கட்டடத்தின் வாசலுக்குப் போனபோது பத்தே முக்கால். மாரின் யாருடையதோ கழுத்துப்பட்டி கட்டியிருந்தான், தாய் பக்கத்தில் கறுப்பு உடுப்பில், கையில் வெள்ளித்தாள் பொட்டலம். விசாரணைக்கும் சாப்பாடு. மாரின்தான் முதலில் கண்டான், கையை உதறினான், போ என்பது போல. "உன்னை வராதே என்று சொன்னேனே, மச்சான்." "பசித்தது, அதுதான் வந்தேன்." மாரின் சிரிக்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்தான், பார்த்துக்கொண்டே நின்றான். ஆரூரன் தேத்தா ஆன்காவின் பக்கம் திரும்பினான். மேலே போவதற்கு முன் இதைச் சொல்லாவிட்டால் மேலே எதையும் சொல்ல வராது. "தேத்தா, அந்தப் பேப்பரில், பயமாக இருந்தது என்று சொன்ன இந்தியன், அது நான்." அவளுக்கு விளங்க நேரமெடுத்தது. விளங்கியதும் பொட்டலம் மார்போடு ஒட்டிக்கொண்டது. மாரின் அவர்கள் பாஷையில் ஏதோ மளமளவென்று சொன்னான், அவள் கையைக் காட்டி அவனை நிறுத்தினாள். "பயமாக இருந்ததா?" என்று ஆரூரனிடம் கேட்டாள். "இருந்தது." "இப்போது?" "இப்போதும்." அவள் பொட்டலத்தை அவனிடம் நீட்டவில்லை. ஆனால் லிப்ட் வந்தபோது கதவைப் பிடித்துக்கொண்டு அவன் ஏறும்வரை நின்றாள். உள்ளே, கண்ணாடியில் மூன்று பேர் தெரிந்தார்கள், முழுசாக. ஆரூரன் சொன்னான், "பாடினாயா என்று கேட்பார்கள். நாலாவதையும் சொல்லப்போகிறேன். நீ எழும்பிப் போகாதே, பிராத்தே." எட்டு என்ற இலக்கம் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது.

இதோடு நிலானி சொன்னது முடிகிறது. விசா இன்னும் வரவில்லை, மறுக்கப்படவும் இல்லை, அதை நான் சரிபார்க்க வழி இல்லை. அம்மாவின் கத்தரிக்கோலைப் பற்றிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பேப்பரைப் பல்கலைக்கழக நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். கை இருக்கிறது, நூலும் இருக்கிறது, அடுத்து வந்த இரண்டு மாதத்துப் பேப்பர்களில் திருத்தம் எதுவும் இல்லை. சம்மேளனத்தின் இணையப் பக்கத்தில் அந்த விசாரணையின் முடிவு ஒரு பக்கத்தில் கிடக்கிறது, யாரும் திறந்து பார்க்கலாம். தடை விதிக்கப்பட்டவர்கள் பதினொரு பேர். மாரினின் பெயர் அதில் இல்லை. கடைசி வரி: ஆரூரன் சிவகடாட்சம், கலேப் ஆதரவாளர், இரண்டு ஆண்டுகள், தடைசெய்யப்பட்ட பாடலைப் பாடியதாகத் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டவர்.